மாத்திரை எங்கே போகிறது?

2008-ஆம் வருஷம் காலாண்டு விடுமுறை முழுக்க என் கைப்பையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று, ஒரு மருந்துக் கம்பெனி எனக்கு அனுப்பியிருந்த வேலை உத்தரவு. இன்னொன்று, நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைத்திருந்த ராஜினாமா. முதலாவதில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவதில் போட்டாயிற்று, கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பள்ளி திறக்கும் திங்கட்கிழமைதான் இரண்டுக்கும் கெடு.

அப்போது நான் கடலூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டு வருஷமாக அறிவியல் டீச்சர். பி.எட். முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காமல் புதுப்பித்து, அரசு வேலை இதோ வருகிறது அதோ வருகிறது என்று காத்திருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் சம்பளத்தைக் கேட்டுவிட்டுக் காய்கறிக்காரம்மா பாவப்பட்டு ஒரு கொத்து கறிவேப்பிலை கூடுதலாக வைத்த நாளும் உண்டு. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் கறிவேப்பிலையைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. ரசத்தில்தான் போட்டேன்.

கம்பெனி வேலை தேடிப் போனதல்ல, தானாக வந்தது. ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க் வாங்கும் பெண்ணின் அப்பா அந்தக் கம்பெனியில் ஏரியா மேனேஜர். மாதத் தேர்வு ரேங்க் கார்டு வாங்க வந்தவர், இன்னொரு தாயிடம் அவர் மகனுக்கு அறிவியல் ஏன் ஏறவில்லை என்று நான் விளக்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"மேடம், தப்பா நெனக்காதீங்க. லேடி டாக்டருங்களப் பார்க்க எங்களுக்கு ஒரு லேடி ரெப் வேணும். ஆறு மாசமா தேடுறேன். நீங்க இங்க இருக்கிறது வேஸ்ட்டு மேடம்."

என் கணவர் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். பண்ருட்டியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் பல். "நீ போ. நீ பேசினா முந்திரி வெளையற காடாம்புலியூர்க்காரனுக்கே முந்திரி வித்துடுவ" என்றார். மூன்று மடங்கு சம்பளம், வண்டிக்குப் பெட்ரோல். எங்களைப் போன்ற வீட்டில் அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பார்கள். நான் யோசித்தேன். கையெழுத்துப் போடும் முன் லீவில் நான்கு நாள் கூட வந்து பாருங்கள் என்று மேனேஜர் சொன்னார். சரி என்றேன்.

நான் விற்க வேண்டியது கர்ப்பிணிகளுக்கான இரும்புச்சத்து மாத்திரை. டாக்டரிடம் பேச எனக்குக் கிடைப்பது நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடிக்கு ஆங்கிலத்தில் அச்சடித்த வசனம் கொடுத்தார்கள். படங்கள் போட்ட ஒரு மடிப்பு அட்டையும் உண்டு. அதை டாக்டர் பக்கம் திருப்பிப் பிடித்து, நாம் தலைகீழாகப் பார்த்தபடி, பேனா முனையால் சரியான படத்தைத் தொட்டுக்கொண்டே வசனம் பேச வேண்டும். மனப்பாடம் பண்ணாதீங்க, மனப்பாடம் பண்ணாதீங்க என்று எட்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள், குக்கர் விசிலுக்கு நடுவே அந்த வசனத்தை மனப்பாடம் செய்தேன். மாமா செல்போனில் நேரம் பார்த்தார். ஏழு வயது மகள் டாக்டராக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் பேசி முடித்ததும் "ஊசி போட்டுடலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

முதல் மூன்று நாள் கடலூருக்குள்ளேயே சுற்றினோம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இப்படி ஓர் உலகம் நடப்பது தெரியாது. ரெப்புகள், அதாவது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், உட்காருவதில்லை. நாற்காலி காலியாகவே இருந்தாலும் உட்காருவதில்லை, அது நோயாளியுடையது. டையும் கனத்த பையுமாகச் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்று எங்கும் எழுதி வைப்பதில்லை, ஆனால் ஒருவர் வரிசையை இன்னொருவர் தாண்டுவதில்லை. போட்டிக் கம்பெனிக்காரர் டீ குடிக்கப் போனால் இவர் அவர் பையைப் பார்த்துக்கொள்கிறார். வகுப்பில் தண்ணீர் குடிக்கக்கூட வரிசையில் விட முடியாமல் பிரம்பைத் தேடுகிற எனக்கு அதைப் பார்க்க மலைப்பாக இருந்தது.

மேனேஜர் அதைவிட மலைப்பு. ஒவ்வொரு வாசலிலும் காதோரம் எனக்குச் சொல்லிவிடுவார். "இந்தச் சார் பேனாவ மூடிட்டாருன்னா பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஒரு வார்த்தகூட ஜாஸ்தி பேசாதீங்க." "இந்த மேடத்துக்கு அம்மா தவறி இருபது நாள்தான் ஆவுது. சிரிச்சிக்கிட்டே உள்ள போவாதீங்க." மூன்று மாவட்டத்தில் எத்தனை டாக்டர்களோ, அத்தனை பேரையும் அவர் ஒரு பாடம்போலப் படித்து வைத்திருந்தார். நான் என் வகுப்பில் இருந்த நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை அப்படி அறிந்திருந்தேனா என்று அப்போது ஒரு நொடி தோன்றியது. தோன்றியதும் மறந்தும் போனது.

"ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அலையறோம் மேடம். அதுல நாம வாயத் தொறந்து பேசுறது மொத்தமே பத்து நிமிஷம்" என்றார் அவர். ஐந்து மணி நேரம் இடைவிடாமல் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் மாமாவிடமும் பேசுகிற எனக்கு, அந்தப் பத்து நிமிஷம் தவம்போலப் பட்டது.

நான்காம் நாள் சிதம்பரம். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பையிலிருந்து காலாண்டு விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துத் திருத்த ஆரம்பித்தேன். போகிறவளாக இருந்தாலும் திருத்தித்தானே கொடுக்க வேண்டும். இரத்தம் பற்றிய கேள்விக்கு நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பது பேராவது நான் பலகையில் எழுதிப்போட்ட வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். இரத்தச் சிவப்பணுவில் இரும்பு இருக்கிறது, அது உயிர்க்காற்றைச் சுமக்கிறது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் முழு மதிப்பெண்ணாகப் போட்டுத் தள்ளினேன். பெருமையாகத்தான் இருந்தது. மேனேஜரின் மகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் காட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

அந்தப் பாடம் எனக்கே எப்போதும் ஆச்சரியம். ஒரு மனுஷியின் உடம்பிலிருக்கும் இரும்பு முழுவதையும் திரட்டினால் ஒரு சின்ன ஆணிதான் தேறும். அந்த ஒரு ஆணியை வைத்துக்கொண்டுதான் நாம் மூச்சு விடுகிறோம், மாடிப்படி ஏறுகிறோம், பிள்ளை பெறுகிறோம், சண்டை போடுகிறோம். கர்ப்பிணி தன் ஆணியிலிருந்து சுரண்டிப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். இதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் இதை வகுப்பில் நான் சொன்னதில்லை. பரீட்சைக்கு வராது.

மேலவீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. ரெப்புகளுக்கு அவர் பெயரைச் சொன்னாலே கொஞ்சம் நடுக்கம். வசனத்தைப் பாதியில் நிறுத்தி "அடுத்து" என்பாராம். கூடத்தில் முப்பது கர்ப்பிணிகளாவது இருந்தார்கள். புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கமிருந்தெல்லாம் காலை முதல் பஸ்ஸில் வந்து காத்திருப்பவர்கள். நாங்கள் சுவரோரம் நின்றோம். கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு பெண்ணின் கீழிமையையும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்து, உள்ளே பார்த்து, ஹீமோகுளோபின் இவ்வளவு என்று ஒரு எண்ணைச் சொல்வார். "எட்டு." நர்ஸ் லேப் சீட்டைப் பிரித்துப் படிப்பாள். ஏழு புள்ளி எட்டு. "ஒன்பதரை." ஒன்பது புள்ளி ஆறு. ஒரு மணி நேரம் நின்றதில் ஒரு தடவைகூடப் பெரிதாகத் தப்பவில்லை. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நான் படத்தில் காட்டி நடத்துகிற பாடத்தை இவர் கண்ணிமைக்குள் படித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. உள்ளே போனோம். அட்டையைத் திருப்பிப் பிடித்தேன். வசனம் தண்ணீர்போல வந்தது, பேனா முனை எந்தப் படத்திலும் தவறவில்லை. நாற்பது வினாடியில் கச்சிதமாக முடித்தேன். முடித்தவள் வாயை மூடியிருக்க வேண்டும். எட்டு வருஷப் பழக்கம். பேனாவை உயர்த்தி, வகுப்பைப் பார்க்கிற அதே பார்வையோடு, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன்.

அறை அப்படியே நின்றது. நர்ஸ் கையிலிருந்த சீட்டோடு என்னைப் பார்த்தாள்.  

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"டீச்சர், மேடம்."

"அதானே பார்த்தேன்." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நீங்க சொன்னதெல்லாம் புரிஞ்சுது டீச்சர். ஒண்ணுதான் புரியல. வருஷக்கணக்கா இந்த மாத்திரைய எழுதிக் குடுக்கிறேன். எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க. அடுத்த மாசம் வந்தா ரத்தம் ஏறவே இல்ல. போட்டீங்களான்னு கேட்டா, போட்டேன் மேடம்ன்றாங்க எல்லாரும். அப்ப மாத்திரை எங்க போவுது? எனக்கு நெஜமாவே புரியல."

அத்தனை பெரிய படிப்புப் படித்தவர், ஊரே நடுங்குகிறவர், முன்பின் தெரியாத என்னிடம் புரியல என்கிறார். 

"நீங்க கேட்டுப் பாருங்களேன்" என்றார் அவர், கூடத்தைக் காட்டி. "என்கிட்ட சொல்ல மாட்டாங்க. நான் திட்டுவேன்."

கூடத்துக்கு வந்தேன். ஏழு ரெப்புகள், முப்பது பெண்கள், அவர்களோடு வந்த மாமியார்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் வகுப்பில் செய்வதையே செய்தேன். வீட்டுப்பாடம் எழுதாதவன் யார் என்று கேட்டால் எவனும் எழுந்திருக்க மாட்டான். நோட்டை எங்கேடா வெச்சிட்டு வந்தே என்றால் மூன்று பேர் சொல்லிவிடுவார்கள்.

"மாத்திரைய யாரு போடலன்னு நான் கேக்கல" என்றேன். "எங்க போட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க."

மருமகள்கள் ஓரக்கண்ணால் மாமியார்களைப் பார்த்தார்கள். பிறகு மூலையிலிருந்த ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "முருங்க மரத்து அடியில போட்டுட்டேன் டீச்சர்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருத்தி ஓட்டு மேல் வீசியிருக்கிறாள். ஒருத்தி அரிசிப் பானைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒருத்தி தினமும் டீயோடு சேர்த்துப் போட்டு, வயிற்றைப் புரட்டவும் நிறுத்திவிட்டாள். இன்னொருத்தி எழுந்து நின்றே சொன்னாள். "கறுப்பா வெளிய போவுது டீச்சர். புள்ளையும் கறுப்பா பொறக்கும்னு எங்க மாமியாரு வாணாம்னுட்டாங்க." மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "ஆமா, நாந்தான் சொன்னேன். எம்மா, அது பொய்யா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன். கறுப்பாகப் போவது மிச்ச இரும்பு, பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். டீயோடு வேண்டாம், எலுமிச்சம்பழச் சாறோடு போடுங்கள் என்றேன். அந்த ஒரு ஆணியைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் ஒரு நாளும் சொல்லாத ஆணியை முதன்முதலாக அந்தக் கூடத்தில் சொன்னேன். அந்த மாமியார் மருமகளின் கையைப் பிடித்து நரம்பைத் தடவிப் பார்த்தார். "இதுக்குள்ளயா?" என்றார். சுவரோரம் நின்ற ரெப்புகள்கூடத் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். திரும்பினால் டாக்டரம்மா வாசல் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "எனக்கு இது தெரியாமப் போச்சே" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அவ்வளவு பெரிய மனுஷி அதைச் சொன்ன விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மேனேஜர் டீயை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். டீ ஆறிப்போனது. கடைசியில் கேட்டார்.

"மேடம், இருவது நிமிஷம். எந்தக் கம்பெனிக்கும் அந்தம்மா இருவது வினாடி குடுத்ததில்ல. முப்பது பேரு உக்காந்திருக்காங்க, டாக்டர் பக்கத்துல நிக்கிறாங்க. நீங்க மாத்திரை மாத்திரைன்றீங்க. எந்த மாத்திரை மேடம்? ஒரு தடவையாவது நம்ம பேரச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. மாத்திரையின் பெயர் சுத்தமாக மறந்தே போயிருந்தது.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, தானே சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். "பரவால்ல. அடுத்த தடவ பேரோட சொல்லுங்க. திங்கக்கெழம கையெழுத்தப் போட்டுருங்க. இந்த ஏரியாவுல உங்கள அடிச்சிக்க ஆள் கெடையாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கடலூர் வந்து சேர்வதற்குள் என் மனசு முக்கால்வாசி கம்பெனிக்குப் போய்விட்டது. மாமா அன்றைக்கே புது ஸ்கூட்டிக்கு நிறம் பார்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ராஜினாமாவைப் பாடக்குறிப்பு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். மதிய இடைவேளையில் கொடுப்பதாக எண்ணம். முதல் பீரியடு ஒன்பதாம் வகுப்பு. விடைத்தாள்களைக் கொடுத்தேன். இரத்தப் பாடத்தைக் கடைசியாக ஒரு தடவை சுருக்கமாகச் சொன்னேன்.  சொல்லி முடித்து, "புரிஞ்சு" என்றேன். "தா" இன்னும் வாயிலிருந்து வரவில்லை. நாற்பத்தெட்டு வாயும் ஒரே குரலில், "புரிஞ்சுது மிஸ்!"

எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்ட சத்தம். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. போட்டீங்களா, போட்டேன் மேடம். அதே குரல்.

 மடியில் வைத்துத் திருத்திய அந்த நாற்பது வாக்கியங்களும் கண் முன்னால் வந்தன. என்ன கேட்கிறோம் என்று யோசிப்பதற்குள் கேட்டுவிட்டேன். "புரியலன்னா யாரையும் திட்ட மாட்டேன். புரியாததையெல்லாம் எங்க போட்டீங்க, அத மட்டும் சொல்லுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "பரீட்சை பேப்பர்ல போட்டுட்டோம் மிஸ்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. சிரிப்பு அடங்கியபோது முதல் பெஞ்சில் மேனேஜரின் மகள் எழுந்து நின்றாள். தொண்ணூற்றெட்டு வாங்கிய தாள் அவள் கையில் இருந்தது. முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது.

"மிஸ், ரத்தத்துல இரும்பு இருக்குன்னு எழுதினேன் மிஸ். இரும்புன்னா இந்த ஜன்னல் கம்பி இரும்பா மிஸ்? அது எப்படி மிஸ் ரத்தத்துக்குள்ள இருக்கும்?"

 எவ்வளவு பெரிய கேள்வி அது! அதை மனசுக்குள் வைத்துக்கொண்டே அந்தக் குழந்தை எழுத்துப் பிசகாமல் எழுதி முதல் ரேங்க் வாங்கியிருக்கிறது. என்னிடம் கேட்க எட்டு வருஷத்தில் நான் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. வெட்கத்தில் முகம் சுட்டது. அதே நேரம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆனந்தமாகவும் இருந்தது.

அவள் கேள்வியைப் பலகையில் எழுதினேன். எழுதிவிட்டுத் திரும்பினால் பத்துக் கைகள். அடுத்ததை எழுதிவிட்டுத் திரும்பினால் இருபது. அணுவைக் கண்ணால் பார்க்க முடியாதென்றால் இருக்கிறதென்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரத்தம் சிவப்பென்றால் கையில் நரம்பு ஏன் பச்சையாகத் தெரிகிறது? மூச்சை யார் விடச் சொல்கிறார்கள், தூங்கும்போது? எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. இத்தனையும் இந்த அறைக்குள்ளேயே, என் முன்னாலேயே, பெஞ்சுகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. மணி அடித்தது. ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. பலகையில் இடம் தீர்ந்துவிட்டது.

அடுத்த பீரியடு கணக்கு சார் டஸ்டரோடு வாசலில் வந்து நின்றார். அவர் அழிப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். பாடக்குறிப்பு நோட்டைத் திறந்தால் கைக்கு முதலில் வந்தது அந்த ராஜினாமாக் கடிதம்தான். திருப்பி, பின்பக்கத்தில் மடமடவென்று எழுதினேன். ஜன்னல் கம்பிதான் முதல் வரி.

மதியம் மேனேஜர் போன் செய்தார். சாயங்காலம் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனையிலேயே இருந்தேன். நான் வரவில்லை சார் என்று ஒருவழியாகச் சொன்னேன். 

"ஏன் மேடம்? என்ன ஆச்சு? காரணத்தையாவது சொல்லுங்க."

அவர் மகளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு மாத்திரையோட பேரச் சொல்ல வராது சார்" என்றேன்.